இருபத்தேழாம் மரம்

பிப்ரவரி. காலை எட்டு மணி.
மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னே
ஒரு சின்ன மேகம் நின்று யோசிக்கிறது.
இடுப்பில் ஆரஞ்சுச் சாய டப்பா.
கையில் மரங்களின் பட்டியல்.

இருநூறு வருடத்துக்கு முன் ஒரு பிரபு
நிலத்தையே ஓவியமாகத் தீட்டிவிட்டுப் போனான்:
இங்கே நின்றால் அரண்மனை தெரிய வேண்டும்,
அங்கே நின்றால் ஆற்றின் வளைவு.
பிறகு போர். பிறகு
ஆற்றின் நடுவே எல்லை.
போலந்துக் கரையில் யாரும் உலாவாத காலத்தில்
காடு தன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.
அதை எழுப்பி ஒதுங்கச் சொல்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

எதிரே, ஜெர்மன் கரையில் டெட்லெஃப்,
கம்பு நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு.
அவர் கரையில் அவரும் என் கரையில் நானும்
தண்ணீரை ஒட்டியே நடக்கிறோம்.
நாங்கள் நிஸா என்போம், அவர்கள் நைஸெ என்பார்கள்,
எந்தப் பெயருக்கும் ஆறு திரும்பிப் பார்த்ததில்லை.
ஓரத்தில் மட்டும் பனிக்கட்டி,
ஆறிய பாலில் ஏடு படிந்தாற்போல.

போனில் அவர் குரல்:
"இடப்பக்கம் இரண்டடி. நில்.
அந்த ஆல்டர்... அது மறைக்கிறது."

மறைக்கிறதுதான்.
அறுபது வயதிருக்கும். யாரும் நட்டதில்லை.
போன வருடத்துக் காய்களை இன்னும் உதிர்க்காமல்
தண்ணீர் மேல் சாய்ந்திருக்கிறது.
கையுறையைக் கழற்றிப் பட்டையைத் தொட்டேன்.
மரத்தைத் தொட்ட விரல் மரத்துப்போனது.

ஆளுயரத்தில் ஒரு ஆணி.
முக்கால்வாசி உள்ளே விழுங்கப்பட்டு.
எல்லைக் காவலன் யாரோ
தொப்பி மாட்டியிருப்பான்,
அல்லது ரேடியோ, ஈரக் காலுறை.
நாளெல்லாம் எதிர்க்கரையையே
பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை.
பார்வையை மறைக்கிறதென்று
அவன் இதை வெட்டவில்லை.

"கிராஜினா? லைனில் இருக்கிறாயா?"
"ஆணி இருக்கிறது. ரம்பத்தின் பல் போய்விடும்."
"எத்தனை?"
"ஒன்று."

சிவப்புத் துணி அசையாமல் நின்றது.
பிறகு நகர்ந்தது. மூன்றடி, ஐந்தடி,
பனிச்சேற்றில் வழுக்கி ஒரு கெட்ட வார்த்தை,
மறுபடி இரண்டடி.
"இப்போது தெரிகிறதா?"

கிளைகளுக்கிடையே ஒரு கோபுரம்,
பாதிக்குமேல் இல்லை.
"தெரிகிறது" என்றேன்.
இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே
ஆணி என்று மட்டும் எழுதினேன்.

டப்பாவைக் குலுக்கினால்
உள்ளே குண்டு இன்னும் உருள்கிறது,
சாயம் உறையவில்லை.
அடுத்தது இருபத்தெட்டு. பிர்ச்.
அதில் ஆணி இல்லை.
சுற்றிச் சுற்றித்
தேடிப் பார்த்தேன்.