ஆற்றில் போட்டபின்

ஹோல்ஸ்டெப்ரோ ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கம்பெனியில்
கடன் கணக்கு என் பொறுப்பு.
குழாய் பதிக்க வாங்கிய கடனுக்கு
வட்டி ஏறினால் தாங்காது என்று
லண்டன் வங்கி ஒன்றோடு எழுதிக்கொண்டோம்:
மாறாத வட்டி நாங்கள் தருவோம்,
மாறுகிற வட்டி அவர்கள் தருவார்கள்,
இருபது வருடம்.

ஒன்பதாம் வருடம் வங்கி செத்தது.

முறித்துக் கடிதம் எழுதினேன்.
ஒரு பத்தி, ஒரு தேதி,
கீழே போடில் கேர்ஸ்கோர் என்று என் கையெழுத்து.
ஒரு நிமிட வேலை.
மிச்சம் பதினொரு வருடம் இருந்ததே,
அதற்குத்தான் விலை சொல்ல வேண்டியிருந்தது.
இனி வரவே போகாத இருபத்திரண்டு தவணைகள்
இன்றைய தேதிக்கு
ஒற்றை எண்ணாக.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
போட்டாயிற்று,
இப்போது அள என்கிறார்கள்.

கேள்வி இதுதான்:
செத்தவன் நாற்காலியில் வந்து உட்கார
நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தருவீர்கள்?
அவர்கள் சொல்வதை
நாங்கள் செத்தவனுக்குக் கட்ட வேண்டும்.

கோபன்ஹேகன்: இன்றைக்கு எதற்கும் விலை இல்லை, மேடம்.
பிராங்க்பர்ட்: மணி அடித்து அடித்து ஓய்ந்தது.
ஸ்டாக்ஹோம்: காத்திருங்கள் என்று ஒரு வயலின், பதினோரு நிமிடம்.
பாரிஸில் ஒருவன் சிரித்தான்.
பதின்மூன்று மில்லியன் குரோனர், என்றான்,
ஆனால் எழுதித் தர மாட்டேன்.
பதின்மூன்று என்று நோட்டில் எழுதினேன்.
ஜன்னலுக்கு வெளியே ஆறு
எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நான்கு வருடம் கழித்து, லண்டனில், கூண்டில் நான்.
செத்த வங்கிக்கு உயிருள்ள வக்கீல்,
ஓக்‌ஷாட் என்று பெயர், நல்ல பல்வரிசை.
என் நோட்டின் பக்கத்தைப் பெரிதாக்கி
திரையில் போட்டார்.
என் கையெழுத்து அவ்வளவு கோணல் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

பதின்மூன்றுக்குக் கீழே வட்டமிட்டு நாற்பது.
இது யார் சொன்ன விலை?
ஏன் மறைத்தீர்கள்?

பல்பு, என்றேன்.
மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
மாடிப்படி பல்பு. நாற்பது வாட்.
நீதிபதியின் பேனா நின்றது.
வாங்கினீர்களா?
இல்லை. கடை சாத்தும்வரை போனில் இருந்தேன்.
அன்றிரவு படியில் தடுக்கி விழுந்ததைச் சொல்லவில்லை.
அதற்கும் விலை கேட்பார்கள்.

பிறகு நிபுணர்கள் வந்தார்கள், பக்கத்துக்கு ஒருவர்.
ஒரே நாள், ஒரே வட்டி,
இருவர் வரைந்த வளைகோடுகளுக்கு நடுவே
ஒரு பள்ளிக்கூடம் கட்டலாம்.
அதற்குப் பின் வட்டி சரிந்தது ஊருக்கே தெரியும்.
அதைப் பார்க்கக் கூடாதாம்.
முறித்த நாளின் மாலையில் நின்று
நாளை தெரியாதவர்களாக எண்ண வேண்டுமாம்.
மெத்தப் படித்த எட்டுப் பேர்
நான்கு வருடத்தை மறக்கப் பாடுபட்டார்கள்.
நான் ஒருத்திதான்
அந்த மாலையை மறக்கப் பார்த்தேன்.

தீர்ப்பு நூற்றிப் பன்னிரண்டு பக்கம்.
இந்தப் பெண் நியாயமாகவே நடந்திருக்கிறார்,
ஆனால் போனில் கேட்ட சிரிப்பை
விலையாகக் கொள்ள இயலாது.
பதினேழு.
யாரும் அன்று சொல்லாத எண்.
கட்டினோம். வட்டியோடு.

ஊர் திரும்பி பல்பு கேட்டேன்.
பழையது மூன்றாவது தடவையாகப் போயிருந்தது.
நாற்பது வாட் இப்போது வருவதில்லை என்று
கடைப் பையன் ஒரு பெட்டியை நீட்டினான்.
ஐந்து வாட்.
கீழே பொடி எழுத்தில்: நாற்பதுக்குச் சமம்.

யார் அளந்தது, என்று கேட்டேன்.
அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
பை வேண்டுமா, என்றான்.