வரவு: ஏழு பேர்

திருகோணமலைத் திறனாய்வாளர் சங்கம்.
நாற்பத்திரண்டாவது கூட்டம்.
ஏகாம்பரம் வீதி, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
வரவு ஏழு பேர். மன்னிப்புக் கடிதம் மூன்று.
படியெல்லாம் நனைந்த குடைகள்.
கீழே, மதிலோரம், ஒரு மான்
போன மாதத்து அழைப்பிதழை
மென்றுகொண்டு நின்றது.
(அது குறிப்பில் தேவையில்லை என்றார் தலைவர்.)

நிகழ்ச்சி நிரல்: ஆண்டின் சிறந்த நாவல்.
மூதூர் சபூறா எழுதியது.
அவர் பின்வரிசைக் கதிரையில்,
கைப்பையை மடியில் வைத்தபடி.
மேசையில் பொன்னாடை, பொலித்தீன் பிரிக்காமல்.

பரிந்துரையில் ஒப்பமிட்டவர்கள் நாங்கள்.
"மண் மணக்கிறது" என்று கோணாமலை எழுதியிருந்தார்.
நடுக்கடலில் நடக்கும் கதைக்கும்
அதையே எழுதியவர் அவர்.
"கட்டிறுக்கம்" என்று எழுதியது நான்.
புதிராக விடப்பட்ட அந்த முடிவை
எல்லோருமே மெச்சியிருந்தோம்.

அப்போது டெல்றீன் கை உயர்த்தினார்.
சத்திரசிகிச்சை விடுதித் தாதி,
தை மாதம்தான் சந்தா கட்டிச் சேர்ந்தவர்.
"எண்பதாம் பக்கம் முடியத்
திரும்பவும் அறுபத்தைஞ்சு வருது.
பேந்து நேர தொண்ணூற்றேழு.
இது உத்தியோ, பிழையோ?"

மழை.
பிறகு, மழையைவிடச் சத்தமாக,
தாள் புரட்டும் ஒலி.
என் பிரதியில் அறுபத்தைந்து இரண்டு தரம்.
கோணாமலையின் பிரதியிலும்.
தலைவரின் பிரதியில்
அந்த இடம் இன்னும் ஒட்டியபடியே இருந்தது.
"சுழல் வடிவக் கதைசொல்லல்..." என்று
ஒருவர் தொடங்கினார்.
தண்ணீர் குடித்தார்.

சபூறா எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னார்:
"அச்சகத்தில அஞ்சாம் பாரத்த
ரெண்டு தரம் வெச்சிக் கட்டிட்டாங்க.
ஆறாம் பாரம் இல்ல. முந்நூறு பிரதியும் அப்பிடித்தான்.
திரும்ப அடிக்கக் காசில்ல.
பதினொரு மாசம்,
ஆராவது கேப்பாங்க எண்டு பாத்துட்டு இருந்தன்.
ஒம்பது விமர்சனம் வந்திச்சி.
எல்லாரும் நல்லாத்தான் சொன்னாங்க."

ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம்.
அதற்கு வேறு பொருளும் உண்டென்று
தமிழ் படித்த ஏழு பேருக்கு
யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது குறிப்பில் வேண்டாம்" என்றார் தலைவர்.
ஒன்பது வருடச் செயலாளர் நான்.
"விரிவாக ஆராயப்பட்டது" என்பதை
உறக்கத்திலும் பிழையின்றி எழுதுவேன்.
இதையும் எழுதினேன்.

கரண்ட் போனது.
கைப்பேசி வெளிச்சங்கள் ஒவ்வொன்றாய் எரிய,
சபூறா பையிலிருந்து சீ.ஆர். கொப்பியை எடுத்து
ஆறாம் பாரத்தை வாசித்தார்.
பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.
இறங்குதுறையில், கவிழ்த்த மீன்பெட்டியில் இருந்து
ஒருத்தி புருசனின் கடனைக் கூட்டிப் பார்க்கிறாள்.
ஐஸுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு,
அடகுக்கு, அடகின் வட்டிக்கு.
கழிக்கிறாள். திரும்பக் கூட்டுகிறாள்.
பதினாறு பக்கமும் கணக்கு.
நாங்கள் புதிர் என்று புகழ்ந்த முடிவு
ஒரு கழித்தலின் மீதி.

வாசித்து முடிந்ததும்
கைதட்ட ஒருவர் கை தூக்கினார்.
டெல்றீன் முந்திவிட்டார்:
"ஒன்பதாம் பக்கத்தில அவ அழ வேண்டாம்.
கணக்குப் பிழைச்சாலே போதும்."

யாரும் மூச்சு விடவில்லை.
சபூறா கொப்பியைப் பின்னால் புரட்டினார்,
அந்த வரியை உதடசைத்துப் படித்தார்.
பிறகு, பதினொரு மாதமாய்
யாருக்கும் நீட்டாத கையை
என் பக்கம் நீட்டி
பேனையைக் கேட்டார்.

கொடுத்துவிட்டேன்.
இதற்குப் பிறகு நடந்தவை
குறிப்பில் இல்லை.