அரை பார்

பரணில் தொங்குகிறது கொதிகலன்.
அதன் வயிற்றில் நாணயமளவு ஒரு முகம்,
அதில் ஒற்றை முள்.
அழுத்தத்தை அளக்கும் அலகுக்குப் பெயர் பார்.
இன்று காலை அரை பார்.
பச்சையில் நிற்க வேண்டியது
சிவப்பில் சாய்ந்து கிடந்து
பார், பார் என்றது.

வெளியே மைனஸ் ஏழு.
கால்வாயில் வாத்துகள் நடந்து போயின.
ரேடியேட்டரில் கை வைத்தேன்,
அது என் கையின் சூட்டையும் வாங்கிக்கொண்டது.

போன ஏப்ரலில் ஹார்ம்
காரை எடுத்துக்கொண்டு போனான்,
நாயை எடுத்துக்கொண்டு போனான்,
தண்ணீர் நிரப்பும் விதத்தையும்.
போன் செய்தேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கு, கேஸ்கெ.
சலவை எந்திரக் குழாயில் ஹோஸை மாட்டு.
மறுமுனையை வாளியில் பிடித்துக்கொண்டு
மெல்லத் திற.
ஹோஸுக்குள் இருக்கும் காற்றெல்லாம் போகட்டும்.
போகாமல் மாட்டினால்
அது வீடு முழுக்க ஓடி
ராத்திரியெல்லாம் முணுமுணுக்கும்.

பதினெட்டு வருடத்தில்
ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை
அவன் என்னிடம் பேசியதில்லை.

ஹோஸ் இரண்டு முறை இருமிவிட்டு
முழுசாய்த் தண்ணீர் கக்கியது.
மாட்டினேன். திறந்தேன்.
முள் உறங்கி எழுந்தவன் போல்
ஒன்று,
ஒன்று புள்ளி மூன்று,
போதும், ஒன்று புள்ளி ஆறில் மூடு.
மூடினேன்.
பிறகு இருவரிடமும் எதுவும் மிச்சமில்லை.
சரி என்றான்.
சரி என்றேன்.

பத்தாம் நாள் மறுபடி அரை பார்.
இருபதாம் நாளும்.
மூன்றாம் தடவை அவனைக் கூப்பிடவில்லை.

எங்கள் ஊருக்கு அடியில் எரிவாயு இருந்தது.
அறுபது வருடம் உறிஞ்சினார்கள்,
நாடெல்லாம் அடுப்பெரிந்தது,
என் கொதிகலனும் அதைத்தான் குடித்தது.
கீழே அழுத்தம் குறையக் குறைய
நிலம் உட்கார்ந்தது.
அலமாரியில் தட்டுகள் பேசிக்கொண்டன.
சமையலறைச் சுவர் வாய் திறந்தது.

சேதம் கணக்கெடுக்க வந்த பையன்
விரிசலில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை வைத்து
மூன்று மில்லிமீட்டர் என்று எழுதினான்.
கொதிகலனிலும் அழுத்தம் இறங்குகிறது என்றேன்.
படிவத்தைப் புரட்டிப் பார்த்து
அதற்குக் கட்டம் இல்லை என்றான்.
காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனான்.

ஞாயிற்றுக்கிழமை
வாசல் மிதியடியை விலக்கி
பலகையைத் தூக்கி
தரைக்கடியில் இறங்கினேன்.
ஐம்பத்து மூன்று வயது, பள்ளி வேன் ஓட்டுகிற முதுகு.
மணலில் வயிறு உரச, நெற்றியில் விளக்கோடு,
என் வீட்டின் கீழேயே
திருடியைப் போல் ஊர்ந்தேன்.

சமையலறைக்கு நேர் கீழே
செம்புக் குழாய் வளையும் மூட்டில்
ஒரு சொட்டு திரண்டது,
யோசித்தது,
விழுந்தது.
எண்ணினேன். பதினொன்று எண்ணுவதற்குள் அடுத்தது.
இவ்வளவுதானா.
ஒரு குளிர்காலத்தையே காலி செய்தது
இந்த நிதானமா.

ஈர மணல் வெதுவெதுப்பாக இருந்தது.
அதன் நடுவில் ஒரு தேரை.
கல்லுக்குள் தேரை என்பார்கள்,
இது என் தரைக்குள்,
மண்ணுக்கடியில் உறங்க வேண்டிய மாதத்தில்
கண் திறந்தபடி,
தொண்டை மட்டும் ஏறி இறங்க,
என் விளக்கைப் பொறுத்துக்கொண்டிருந்தது.

அதற்கும் எனக்கும் நடுவில் ஸ்பேனர்.

அரைச் சுற்றுதான் முறுக்கினேன்.
சொட்டு திரண்டது, நின்றது, விழவில்லை.
தேரை நகரவில்லை.
பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியேறினேன்,
திரும்ப இடமில்லாததால்.

பத்தாம் நாள் அவனே அழைத்தான்.
எத்தனை பார்?
ஒன்று புள்ளி ஆறு.
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று மட்டும் ஓடியது.
ஹோஸைக் காயவைத்துச் சுருட்டி வை என்றான்,
இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தேரையைப் பற்றிச் சொல்லவில்லை.
இரவில் பலகையைத் தூக்கி
ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றுகிறேன் என்பதையும்.