பொதுப் பகுதி

கல்யாணமானவனை இங்கே ஒரு புள்ளி என்கிறார்கள்.
புள்ளிக்கு நீளமில்லை, அகலமில்லை என்றுதான்
காலேஜில் படித்தேன்.
தேவகோட்டையில், பத்திர எழுத்தர் ஆபீசில்,
புள்ளிக்குப் பங்கு பிரிக்கிறேன்.

மெ.சித.வெ. வீடு. நாற்பதாயிரம் சதுர அடி.
சினிமாக்காரர்கள் நாலு நாளைக்குக் கேட்கிறார்கள்.
வாடகையைச் சில்லறை மிஞ்சாமல் பிரிக்க வேண்டும்;
ஐந்து காசுக்கு ஆறு வருஷம் வழக்காடிய வீடு.

எல்லாப் பின்னங்களையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவந்தேன்:
ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரத்து முந்நூற்று இருபது.
இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் ஒன்பது,
விட்டதைக் கூட்டினாலும் ஒன்பது.
நூற்று அறுபது வகுத்திகள்.
இதைவிடச் சிறிய எந்த எண்ணும்
இத்தனை பேருக்கு இலை போட்டதில்லை.

பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆட்கள்.
ஐந்து, மோல்மீனுக்குப் போன ஐவர்.
ஏழு, முதலில் மூன்றாக இருந்தது,
சட்டம் பெண்களையும் எண்ணச் சொல்லும்வரை.
பதினொன்று, கீழ வளவுக்காரர்கள்;
யாரோடும் பொதுக் காரணி கிடையாது.
ஒற்றைப் பிள்ளை பெற்ற இரண்டு தலைமுறை
எண்ணில் எங்குமே இல்லை.
அடைக்கப்பனுக்கு மக்களில்லை.
பூஜ்யத்தால் வகுக்க முடியாதே,
கோனாபட்டிலிருந்து பிள்ளை கூட்டினார்கள்.

"வாடகையே அந்தத் தொகையாகக் கேளுங்கள்" என்றேன்.
மேனேஜர் சிரித்தார், ஒப்புக்கொண்டார்.
பங்குக்கு ஒரு ரூபாய்.
தரையில் அளந்தால்
ஒரு கையை விரித்து வைக்கலாம்.

வியாழக்கிழமை ஈப்போவிலிருந்து மின்னஞ்சல்.
செத்துப்போன கதிரேசனின் நூற்று நாற்பத்து நாலில் ஒன்றுக்கு
இரண்டு தாரம், பதின்மூன்று வாரிசு.
ஐந்து பெயர்களைத் தமிழில் அடிக்க எனக்கு வரவில்லை.
ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து ரூபாயை
பதின்மூன்றால் வகுத்தேன்:
எண்பத்தெட்டு, அப்புறம் புள்ளி, இது வேறு புள்ளி,
எட்டு நாலு ஆறு ஒன்று ஐந்து மூன்று
எட்டு நாலு ஆறு ஒன்று ஐந்து மூன்று
இரண்டாங்கட்டுத் தூண்களைப் போல,
ஆனால் கடைசிச் சுவர் வரவேயில்லை.

"பதினோரு ரூபாதானே மிஞ்சுது,
மொய்யா வச்சுருவமே" என்றார் சிகப்பி, போனில்.

மாட்டேன் என்று பதின்மூன்றால் பெருக்கினேன்.
இருபத்தோரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து நூற்று அறுபது.
ஒன்றுவிட்டு ஒன்று, மறுபடி ஒன்பது.
விட்டதும் ஒன்பது.
வகுத்திகள் முந்நூற்று இருபது, சரியாக இரட்டிப்பு.
நாலு நாளை ஐம்பத்திரண்டு நாளாக்கினால்
காசு மிஞ்சாது என்று மேனேஜரிடம் சொன்னேன்.
போனை வைத்துவிட்டார்.

இப்போது பங்குக்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம்.
வீடு ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை.

எண்ணாலும் எழுதி, எழுத்தாலும் எழுதி
பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.
எனக்கு ஒற்றை அறை, வாடகைக்கு,
பகுதி ஒன்று.
திருப்பத்தூர் பஸ்ஸில், கையில் வேறு வேலை இல்லாமல்,
பதினேழால் வகுத்துப் பார்த்தேன்.

பதினைந்து மிஞ்சுகிறது.
யாரிடமும் சொல்லவில்லை.