அடித்தண்ணீர்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பார்கள்.
சரிதான்.
ஒட்டாத அந்த இடத்தில், நூலளவு இடுக்கில்,
ஒன்று குடியிருப்பதைக்
கண்ணாடிக் குடுவையில் பார்த்திருக்கிறேன்.

கோபியில், கணவாய்ச் சாலை ஏறத் தொடங்கும் வளைவில்,
பனி தள்ளும் பதினோரு வண்டிகளுக்கு
ஒரே தொட்டி. இருபதாயிரம் லிட்டர்.
சாவி என்னிடம்.
சம்பளப் பட்டியலில் என் பெயர் எதேரி,
வேலை: எரிபொருள் காப்பாளர்.
ஓட்டுநர்கள் வைத்த பெயர் வேறு.
அதை இங்கே எழுத வேண்டாம்.

திங்கள்தோறும் அளவுகோலின் நுனியில்
பசை தடவி இறக்குவேன்.
டீசலுக்கு மசியாத பசை;
தண்ணீர் பட்டால் மட்டும் சிவக்கும்.
தங்க நிறத்தில் போன கோல்
தங்கமாகவே திரும்பினால்
பதிவேட்டில் ஒரு சுழி போட்டுவிட்டுத்
தேநீர் குடிக்கலாம்.

ஆகஸ்டில் கணக்கர் கோதெர்ஜி சொன்னார்:
பாதித் தொட்டி போதும், விலை இறங்கட்டும்.
மீதிப் பாதியில் என்ன இருக்கும் என்றேன்.
ஒன்றுமில்லை என்றார்.

ஒன்றுமில்லாததற்கு மூச்சு உண்டு.
பகலில் சூடேறி வெளியே விடும்,
இரவில் தெர்கி ஆற்றின் ஈரத்தை
மூடித் துளை வழியே உள்ளே இழுக்கும்.
விடிவதற்குள் உள்சுவர் வியர்த்து
சொட்டுச் சொட்டாக அடியில் இறங்கியதை
யாரும் ஊற்றவில்லை.
அக்டோபரில் கோல்
நான்கு விரல் உயரம் சிவந்து வந்தது.

வடிகுழாயைத் திறந்தேன்.
முதலில் தண்ணீர், துரு நிறத்தில்.
பிறகு அது:
ஊறிய தோல் போல, சளி போல,
கறுப்பென்றும் சொல்ல முடியாத ஓர் ஏடு.
அழுகிய முட்டை நாற்றம்
இரண்டு நாள் என் தலைமுடியில் இருந்தது.

மருந்து வாங்கினேன். அளவுப்படி ஊற்றினேன்.
எல்லாம் செத்தது.

செத்தது எங்கே போகும் என்று
நான் யோசிக்கவில்லை.
உயிரோடு இருந்தவரை
தன் கோட்டில் ஒட்டிக் கிடந்தது;
செத்த பிறகுதான் ஊர்சுற்றப் புறப்பட்டது.

டிசம்பர் பதினெட்டு, இரவு.
நான்காம் எண் வண்டி
பனிச்சரிவுக் கூரைக்கு நூறு மீட்டர் முன்னால்
மூன்று முறை இருமி நின்றது.
பின்னால் எல்லைக்குப் போகும் லாரிகள்,
விளக்கு விளக்காக, கீழ்வளைவு வரை.
உள்ளே ஜும்பெர்.
வடிகட்டியின் மூடி
கையுறைக்குப் பிடிகொடுக்கவில்லை.
வெறுங்கையால் திருகினான்.

காலையில் அந்த வடிகட்டியைச்
செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து
என் மேசையில், பதிவேட்டின் மேல்,
என் சுழிகளின் மேல் வைத்தான்.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
தேநீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான்.
கோப்பையைப் பிடித்த கையில்
இரண்டு விரல்நுனிகளில் தோல் இல்லை.

கோதெர்ஜியின் பெயர் நாக்குவரை வந்தது.
விழுங்கினேன்.
பாதித் தொட்டி அவருடையது,
மீதிப் பாதி என்னுடையது.

மூன்று இரவு பம்பை ஓடவிட்டேன்.
தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சி
வடிகட்டி வழியாகத் திரும்பத் தொட்டிக்கே.
முதல் இரவில் ஒன்பது வடிகட்டிகள்,
அடுத்த இரவில் நான்கு.
மூன்றாம் இரவு, மாற்றவேண்டி வருமென்று
விழித்தே உட்கார்ந்திருந்தேன்; வரவில்லை.
விடியலில் குடுவையில் பிடித்து
அதன் பின்னால் ஜும்பெரின்
பணிநேரத் தாளைச் சாய்த்தேன்.
டீசலுக்கு அந்தப் பக்கமிருந்து
அவன் கிறுக்கல் கையெழுத்து
ஒரு சுழிப்பும் விடாமல் தெரிந்தது.

இப்போது செப்டம்பர்.
பழைய சரக்கை முதலில் வண்டிகளுக்கு விட்டு,
குளிர்கால டீசலைக் கழுத்துவரை நிரப்பிவிட்டேன்.
மூச்சு விட இடமில்லை அதற்கு.
ரசீதில் கோதெர்ஜியிடம் கையெழுத்து வாங்க
நான்கு நாள் ஆனது.

அடுத்த வாரமே விலை இறங்கியது.
அவர் என்னோடு பேசுவதில்லை.

ஜும்பெர் வண்டி எடுக்கும்போது
கண்ணாடியை இறக்கிப் புருவத்தை உயர்த்துவான்.
கோலைத் தூக்கிக் காட்டுவேன்.