காத்திருப்போர் அறைக்கு

நுஸ்கியா,
நிந்தவூர்க் கிளினிக்கில் புதுக் கதிரைகள் இறங்கிவிட்டனவாம்,
டொக்டர் சொன்னார். சந்தோஷம்.
கதிரை மட்டும் காணாது கா.
உள்ளே மெஷின் சுழலத் தொடங்கினால்
வெளியே இருப்பவரின் கால்விரல்கள்
செருப்புக்குள் சுருண்டுவிடும்.
ஏழு வருஷம் கல்முனையில்
நான் முகம் பார்த்து ஆளைக் கூப்பிட்டதில்லை,
செருப்புப் பார்த்துத்தான்.

அதனால் இந்தப் பென்டிரைவ்.

சினிமாப் பாட்டு வேண்டாம்.
சொல் வந்தால் ஆட்கள் கூடவே முணுமுணுப்பார்கள்;
விறைத்த உதட்டைத் தாங்களே கடித்துக்கொண்டு
கைலேஞ்சியில் ரத்தத்தோடு திரும்பி வருவார்கள்.
வயலின் வேண்டவே வேண்டாம்,
மேலே ஏறினால் அது மெஷினுக்குத் தங்கச்சி.
ஒரு கிழமை புல்லாங்குழல் விட்டுப் பார்த்தேன்.
பாண்டிருப்பு ரீச்சர் ஒருவர்
பல்லைக் காட்டாமலே அழுதுவிட்டுப் போனார்.

கிற்றார்தான் சரி.
அதிலும் கரண்ட் ஏற்றாத கிற்றார்,
வெறும் மரம், கம்பி, நகம்.
ஒவ்வொரு சுரமும் பிறந்த கையோடு
தேயத் தொடங்கிவிடுகிறது.
வலியும் அப்படித் தேய்ந்தால் நல்லது என்று
காதுக்குத் தோன்றுமோ என்னவோ.

வாசித்தவர் பேர்போன ஆளில்லை.
லெஸ்டர் அந்திராதோ, மட்டக்களப்பு டச்பார்.
இங்கே ஒரு வீட்டுக்குக் கதவு போட வந்த இடத்தில்
கடைவாய் வீங்கி நம்மிடம் வந்தார்.
வேர்ச்சிகிச்சை மூன்று தரம்.
மூன்றாம் தரம் காசு குறைந்தது.
டொக்டர் பரவாயில்லை என்றார்,
அவருக்குப் பரவாயில்லாமல் இல்லை.
அடுத்த சனி, மரத்தூள் படிந்த கையால்
இதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
பட்டறையில் கைபேசியை வாளின் மேல் சாய்த்துவைத்துப் பதிந்த
பதினொரு மெட்டுகள்.

காலையில் முதலாவதை விடு.
பாதியில் ஒரு சேவல் கூவும்.
பிள்ளைகள் சிரிப்பார்கள், வாய் திறக்கும்,
டொக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.
மூன்றும் நாலும் கிட்டத்தட்ட ஒன்று.
ஒன்றை எடுத்துவிட நினைத்து
எதை என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.
ஆறு நல்ல மெட்டு,
ஆனால் விரல் கம்பியில் வழுக்குகிற கீச்சு நிறைய.
பல் பிடுங்குகிற நாளில் தவிர்.
எட்டு, அவர்கள் கலியாண வீட்டில் ஆடுகிற தாளம்.
காசு கட்டுகிற நேரத்துக்கு உகந்தது,
கால் தானாகத் தட்டும், பில்லைக் கனக்கப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்பதில் மழை.
தகரத்தில் பெய்யத் தொடங்குகிறது.
அவர் நிறுத்தவில்லை,
மழைக்கு இடம் விட்டு விட்டு வாசிக்கிறார்.
பின்னேரம் நாலு மணி வெயிலில்
மாவடிப்பள்ளி வயலிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு
அதைவிட ஒன்றும் வேண்டாம்.

சத்தம் மின்விசிறிக்குக் கீழே இருக்கட்டும்.
‘இது என்ன?’ என்று யாராவது கேட்டால்
கூட்டி வைத்துவிட்டாய் என்று அர்த்தம்.
பாங்குக்கு நிறுத்துவதை
உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பதினொன்று கிளினிக்குக்கு இல்லை.
அழித்துவிட்டுத் தரத்தான் இருந்தேன்.
இரண்டாம் நிமிஷத்தில் ஒரு கம்பி அறுகிறது.
அவர் தங்கள் பறங்கிப் பாஷையில் ஏதோ ஏசுகிறார்,
தூரத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள்.
பிறகு, புதுக் கம்பி தேடாமல்,
ஐந்திலேயே தொடர்கிறார்.
விரல் பழக்கத்தில் அந்த இடத்துக்குப் போகிறது,
ஒன்றும் இல்லை,
திரும்பி வருகிறது,
மறுபடி போகிறது,
பிடுங்கிய பல்லின் குழியை
நாக்கு தேடுவதுபோல.

ஆறு பத்து பஸ்ஸில், களுவாஞ்சிக்குடி வரும்வரை
ஒரு காதில் அதை மாட்டிக்கொள்வேன்.
மறு காதில் கண்டக்டர்.
வீட்டு இறக்கம் தாண்டிப் போயிருக்கிறேன் இரண்டு தரம்.

கேட்டுப் பார். பிடிக்காவிட்டால் சொல்லாதே.

பென்டிரைவைத் திருப்பித் தரவேண்டும் கா,
மூடி பத்திரம்.
கடையில் வந்தது தொலைந்துபோய்
அவரே செய்து போட்டது, முதிரை மரம்.
கழற்றும்போது ஒருதரம் மணந்து பார்.