மங்கலம்

வில்லாயுதம் ஐயா அதற்கு முன் தமிழாசிரியர்.
செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம் என்று
பரமக்குடியில் பத்தொன்பது வருஷம்
சொல்லிக்கொடுத்தவர்.
ஒருநாள் சர்க்கார் அதைக் கற்றுக்கொள்ள வந்தது.

தையில் ஆட்சி கலைந்தது.
மாசி பிறப்பதற்குள் ராமநாதபுரத்தில்
மாடியில் அவருக்கு ஓர் அறை,
பச்சை மை,
'அனுமதிக்கப்பட்டது' என்று ஒரு ரப்பர் முத்திரை.
அனுமதிக்காததற்கு முத்திரை கிடையாது.
கையே போதும்.

வாரம் ஒருநாள் ஈர மெய்ப்பைச் சுருட்டிக்கொண்டு
கீழக்கரையில் பஸ் ஏறுவேன்.
திருப்புல்லாணி தாண்டுவதற்குள் காய்ந்துவிடும்.
உட்காரச் சொல்வார். மோர் தருவார்.
என் சந்திப்பிழைகளையும் சேர்த்தே திருத்துவார்.
பஞ்சம், மழைக்குறைவு ஆனது.
முகாமில் வந்த வாந்திபேதி, வயிற்று உபாதை.
மறியலுக்கு மட்டும் அவர் சொல் தேடவில்லை;
பத்தியையே எடுத்துவிட்டு
வேப்பம்பிண்ணாக்கு விளம்பரம் போடச் சொன்னார்.
வெற்றிடம் விடாதே தம்பி,
அது பேசும்.

ஐப்பசியில் பாம்பனுக்கு வடக்கே ஒரு வத்தை போனது.
ஆறு பேர்.
கஸ்பார், அவன் மச்சான் லூர்து,
தங்கச்சிமடத்து நம்புவேல்.
மற்ற மூவர் பெயர் அன்று எனக்கு வந்து சேரவில்லை,
இன்றும்தான்.
புயல் கூண்டு ஏற்றவில்லை என்று எழுதியிருந்தோம்.
அந்த வரி முதலில் போனது.
பிறகு, 'கரை திரும்பவில்லை' என்ற இடத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.
"எதிர்மறை எதுக்கு?
எதிர்காலம் போதுமே" என்றார்.
கரை திரும்புவர்.
இலக்கணம் சுத்தம்.
முத்திரை விழுந்தது, மோர் டம்ளர் அதிர்ந்தது.

நிவாரணம் கேட்டுப் போன வள்ளிமயிலிடம்
தாசில்தார் எங்கள் பத்திரிகையைத்தான் காட்டினாராம்:
உன் புருஷன் வருவார்னு போட்டிருக்கே.
பொட்டை வைப்பதா அழிப்பதா என்று கேட்க
அவளுக்கு ஆபீஸ் எதுவும் இல்லை.

மறு பங்குனியில் டெல்லி மாறியது.
ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
மதுரைக்குப் போனார், சென்னைக்குப் போனார்,
பாடநூல் குழு, வெளியீட்டுத் துறைத் தலைவர்,
மாறி மாறி வந்தவர்கள் போர்த்திய பொன்னாடைகள்.
எல்லா ஆட்சிக்கும் வேண்டியிருக்கிறது
நல்ல தமிழ்.

ஓய்வுபெற்று வாழ்க்கை வரலாறு எழுதினார்.
பழைய பழக்கம், எங்கள் அச்சகத்துக்கே அனுப்பினார்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
'அந்நாளில் உள்ளிருந்தே எதிர்த்தேன்.
என் மாவட்டத்தில் கடல் அமைதியாயிருந்தது.'

அதை நான் படித்த வாரம்தான்
வள்ளிமயில் அச்சகத்துக்கு வந்தாள்.
கண்பார்வை மங்கிப்போயிருந்தது.
பால் கவருக்குள் மடித்த நறுக்கு,
மடிப்பில் ஒரு எழுத்து உதிர்ந்திருந்தது.
"போட்டவுகளைப் பாத்தா
எந்தத் தேதினு மட்டும் கேளுங்க சார்."
சண்டை போடுகிற குரலே இல்லை.
பஸ் நேரம் கேட்பதுபோல.

நான் கோழை. சத்தமாகக் கேட்டதில்லை எதையும்.
மெய்ப்பின் ஓரத்தில்
பென்சிலால், சின்னதாக எழுதினேன்:
தேதி?

பத்து நாளில் தபால் திரும்பி வந்தது.
பச்சை மை. கை மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.
என் கேள்வியை அடித்துவிட்டு
பக்கத்தில் எழுதியிருந்தார்:
தேவையில்லை.
இடைவெளியை மூடவும்.